அந்தப் பெட்டியைத் திறங்கள்!

இன்று இரவு ஒன்றரை மணிக்கு உங்கள் கோழிப்பண்ணையில் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. உங்களை யார் எழுப்புவார்கள்?

பண்ணைக்காரர்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "ஃபேன் சத்தம் நின்னா தானா முழிப்பு வந்துருமுங்க" என்பார் ஒருவர். "காவலுக்கு ஆள் இருக்குதுங்க" என்பார் இன்னொருவர். பெரும்பாலானவர்கள் சொல்வது மூன்றாவது பதில்: "கண்ட்ரோலர்லயே அலாரம் இருக்குதுங்க, மாட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க." அது கடைசியாக எப்போது அடித்தது என்று கேட்டுப் பாருங்கள். "அடிச்சதே இல்லைங்க" என்று பெருமையோடு சொல்வார்கள்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒருநாளும் அடிக்காத அலாரம் நலமாகவும் இருக்கலாம், செத்தும் கிடக்கலாம். இரண்டில் எது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒரு பெட்டியின் மேல் பத்தாயிரம் உயிர்களையும், ஷெட் கட்ட வாங்கிய வங்கிக் கடனையும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஏற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் மேல் அல்ல. "இதெல்லாம் நமக்குப் புரியாது" என்று உங்கள் காதில் யாரோ ஓதிவிட்டுப் போன அந்தப் பேச்சின் மேல்.

பல்லடம், உடுமலை, திருப்பூர், கோவை வட்டாரத்தில் கறிக்கோழி வளர்ப்பு வேர்விட்ட காலத்தில் ஷெட் என்றால் இரண்டு பக்கமும் கம்பிவலை, மேலே ஓடு அல்லது ஓலை. கரண்ட் போனால் குஞ்சுக் கொட்டகையில் பல்புதான் அணையும். காற்று எப்போதும்போல் வீசும். இன்று இ.சி. ஷெட் வந்துவிட்டது. நான்கு பக்கமும் அடைப்பு. ஒரு முனையில் கூலிங் பேட், மறு முனையில் வரிசையாக எக்ஸாஸ்ட் ஃபேன்கள். உள்ளே இருக்கும் காற்று முழுக்க மோட்டார் இழுத்து வரும் காற்று. இரண்டு கிலோ எடையுள்ள கோழி ஒன்று சுமாராக 10 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளிவிடுகிறது. 10,000 கோழிக்கு 100 கிலோவாட் ஆகிறது. மூடிய கூடம் ஒன்றில் நூறு இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதற்குச் சமம். ஃபேன் நின்ற நொடியிலிருந்து அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்பு சாதாரணமாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். மூச்சிரைக்க இரைக்க உள்ளே ஈரப்பதம் ஏறும். ஈரப்பதம் ஏற ஏற மூச்சிரைப்பும் பலன் தராது. கத்திரி வெயில் காலத்தில், விற்பனைக்குத் தயாராக நிற்கும் கோழி என்றால், அரை மணி நேரம் தாங்குவதே பெரிது.

ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் நிமிடங்களில்தான். அந்த நிமிடங்களைக் காப்பாற்றித் தருவது ஒரு சைரன், ஒரு பேட்டரி, சில மீட்டர் கம்பி. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் பட்டம் தேவை என்று யார் சொன்னது?

இந்த மண்ணின் கதையை நீங்களே மறக்கலாமா? பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுத்தான் இயந்திரத்தைக் கற்றார். 1937-இல் கோவையில் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதில் அவர் கையும் உண்டு. உங்கள் ஷெட்டில் சுற்றும் ஃபேன் மோட்டாருக்கு அது பாட்டன். அதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்த நீங்கள், நான்கு திருகு போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டு "மெக்கானிக் வரட்டும்" என்று ஒதுங்கி நிற்கலாமா?

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தைரியம் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. ஃபேன் பேனலில் ஓடுவது 415 வோல்ட். அதன் உள்ளே கை வைப்பது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து அவர் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலாரத்தின் பக்கம் ஓடுவது 12 வோல்ட் பேட்டரி. அது உங்கள் ராஜ்ஜியம். அங்கே யார் அனுமதியும் வேண்டாம்.

முதலில் கம்பியின் தர்மத்தைச் சொல்கிறேன். அலாரத்தை இரண்டு விதமாகக் கட்டலாம். ஆபத்து வந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு, கரண்ட் பாய்ந்து, சைரன் அடிப்பது ஒரு விதம். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கம்பியை நேற்றே எலி கடித்திருந்தால்? தொட வேண்டிய முனை இல்லை, சைரன் அடிக்காது, நீங்களும் அறிய மாட்டீர்கள். இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிர். எல்லாம் சரியாக இருக்கும்வரை பேட்டரியிலிருந்து சிறு மின்சாரம் ஒரு வளையமாகச் சுற்றி வந்து ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். தெர்மோஸ்டாட், பேஸ் ரிலே, கதவு சுவிட்ச் எல்லாம் அந்த வளையத்தில் வரிசையாகக் கோத்திருக்கும். சூடு ஏறினாலும் வளையம் அறும். பேஸ் போனாலும் அறும். எலி கடித்தாலும், அமோனியா அரித்துத் திருகு கழன்றாலும் அறும். அறுந்த நொடியில் ரிலே விழும், சைரன் அலறும். இப்படிக் கட்டிய வளையத்தில் நிலவும் அமைதிக்கு ஓர் அர்த்தம் உண்டு. என்.சி. தொடர்பு என்று வயர்மேன் சொல்வது இதைத்தான். "வளையத்தை என்.சி.யில கட்டுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வாக்கியம் சொன்ன மாத்திரத்தில் எதிரே நிற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

வளையத்துக்கு வெளியே ஒன்று மிச்சம் இருக்கிறது. அலாரத்துக்கு உயிர் கொடுக்கும் பேட்டரியே செத்துப்போனால் ரிலே விழுந்தும் சைரன் ஊமையாகத்தான் இருக்கும். ஆகவே பேட்டரியை வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் அதன் நெற்றியில் தேதியை எழுதுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி நல்ல நிழலில் மூன்று, நான்கு வருடம் தாங்கலாம். தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்தால் அதில் பாதிகூட வராது. சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.7 வோல்ட் பக்கம் காட்டுவது நல்ல பேட்டரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். சைரனை அடிக்கவிட்டு மீட்டரைப் பாருங்கள். சட்டென்று 11-க்குக் கீழே சரிந்தால், வெளியே மினுமினுத்தாலும் உள்ளே அது செத்துவிட்டது.

இப்போது சென்சார். நம் பண்ணைகளில் தொங்கும் சென்சார்களில் பெரும்பாலானவை என்.டி.சி. தெர்மிஸ்டர் வகை. கறுப்புக் கம்பி நுனியில் விரல் கணு அளவு ஒரு உருளை, அவ்வளவுதான். 25 டிகிரியில் அதன் தடை பெரும்பாலும் 10 கிலோ ஓம். சூடு ஏற ஏறத் தடை குறையும். குளிரக் குளிரக் கூடும். இந்தச் சின்ன விதியில் ஓர் எமன் ஒளிந்திருக்கிறான், கவனியுங்கள். கம்பி அறுந்தால் தடை அளவில்லாமல் போகும். அளவில்லாத தடை என்றால் கண்ட்ரோலருக்கு என்ன பொருள்? உள்ளே கடுங்குளிர் என்று பொருள்! சென்சார் பழுது என்று கண்டுபிடிக்கத் தெரியாத மலிவான கண்ட்ரோலர், வெளியே 39 டிகிரி கொளுத்தும் நடுப்பகலில், "குளிருகிறது" என்று ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். அதிக வெப்ப அலாரமும் அடிக்காது. அதன் கணக்கில்தான் சூடே இல்லையே. இதனால்தான் குறைந்த வெப்பத்துக்கும் ஓர் அலாரம் கட்டாயம் வேண்டும் என்கிறேன். கோடையில் யாருக்குக் குளிர் அலாரம் என்று அதை அணைத்து வைப்பவர்கள், அறுந்த கம்பியைக் காட்டிக்கொடுக்கும் ஒரே சாட்சியின் வாயைக் கட்டுகிறார்கள்.

அதற்கும் மேலே ஒரு காவல் போடுங்கள். கண்ட்ரோலரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, திருகி வைக்கிற பழைய பாணித் தெர்மோஸ்டாட் ஒன்றை வளையத்தில் கோத்துவிடுங்கள். திருடனையே காவலுக்கு வைத்தால் என்ன ஆகும்? கண்ட்ரோலர் கெட்டால் அறிவிக்க வேண்டிய அலாரம் கண்ட்ரோலருக்குள்ளேயே குடியிருந்தால் அதே கதிதான்.

சென்சாரை எங்கே தொங்கவிடுவது? கூலிங் பேட் பக்கம் தொங்கவிட்டால் உங்கள் மனம் குளிரும், கோழி வேகும். காற்று ஷெட்டின் நீளம் முழுக்கச் சூட்டை வாரிக்கொண்டு ஃபேன் பக்கம் போய்ச் சேர்கிறது. ஆக அதிகச் சூடு அந்த முனையில்தான். அங்கே, கோழியின் முதுகு உயரத்துக்குச் சற்று மேலே, கொத்த எட்டாதபடி ஒன்று. நடுவில் ஒன்று. குஞ்சு விடும் நாட்களில் புரூடருக்கு நேர் கீழே வேண்டாம், குஞ்சு படுக்கும் இடத்தில் இருக்கட்டும். சென்சார் கம்பியை மோட்டார் கம்பியோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள்; ஃபேன் கிளம்பும்போதெல்லாம் எண்கள் துள்ளும். துள்ளும் எண் பொய் அலாரம் தரும். பொய் அலாரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் நான்காவது முறை யாராவது ஒருவர் சைரன் கம்பியைப் பிடுங்கி விடுவார்.

பல்லடம் பக்கம் ஒரு பண்ணையில் ஓர் அம்மா சென்சார் சோதித்ததை நேரில் பார்த்தேன். ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். சென்சார் நுனியை ஐஸில் விட்டுக் கலக்கினார். டிஸ்ப்ளே இறங்கி 0.4-இல் நின்றது, தாழ்வெப்ப அலாரம் அலறியது. பிறகு வெந்நீருக்கு மாற்றினார். 38-ஐத் தாண்டியதும் மறுபடி அலறல். அவர் முகத்தில் பதற்றம் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "இதுல என்னங்க இருக்குது? குஞ்சுக் காலைக் கன்னத்துல வெச்சுச் சூடு பார்க்கறவளுக்கு, இந்தக் கம்பிக்குச் சூடு பார்க்கத் தெரியாதுங்களா?" என்றார். பட்டயம் வாங்கிய பலரிடம் நான் காணாத தெளிவு அது. அவர் வைத்திருந்தது இரண்டு டம்ளர். உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

கரண்ட் அலாரத்துக்கு வருவோம். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வீட்டு பிளக்கில் ஒரு ரிலேயைச் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் பக்கம் ஒரு பேஸ் மட்டும் போவதில்லையா? வீட்டில் விளக்கு எரியும், டி.வி. ஓடும், பண்ணையில் மூன்று பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு நின்று சூடேறும், ஓவர்லோடு தட்டிவிடும் அல்லது காயில் கருகும். அந்த பிளக் எந்த பேஸில் இருக்கிறதோ அது போனால்தான் அந்த அலாரம் அடிக்கும். மூன்றையும் பார்க்கும் ரிலே வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு பேஸ் அறுந்த பிறகும் சில நேரம் நிற்காது; அறுந்த கம்பியிலும் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிவிடும். வோல்டேஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரிலே அதைக் கண்டு ஏமாறும். மூன்று பேஸுக்கும் இடையே உள்ள சமநிலை கெடுவதைப் பார்க்கும் பேஸ் ஃபெயிலியர் ரிலேயைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அந்த ரிலேயை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். மீட்டர் பக்கத்தில் மாட்டினால் மின்வாரியத்தின் கரண்ட் போனதை மட்டும் சொல்லும். ஜெனரேட்டர் கிளம்பியும் சேஞ்ச்ஓவர் மாறாமல் நின்றால்? டீசல் எரியும், சத்தம் கேட்கும், "ஜெனரேட்டர் ஓடுது" என்று நீங்கள் திரும்பிப் படுப்பீர்கள். ஃபேன்கள் அசையாமல் நிற்கும். ஆகவே சேஞ்ச்ஓவருக்குப் பிறகு, ஃபேன்களுக்குப் போகும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் என்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தாமதம் வைத்தால் போதும். ஐந்து நிமிடம் வைக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களுடையது அல்ல, கோழிகளுடையது.

வெப்ப எல்லையை ஒருமுறை வைத்துவிட்டு மறப்பது இன்னொரு மௌனக் கேடு. முதல் நாள் குஞ்சுக்கு 32, 33 டிகிரி வேண்டும்; அதற்கு அலாரம் 36-இல் வைத்திருப்பீர்கள். ஐந்தாவது வாரம் அதே கோழிக்கு 22, 23 டிகிரியே சுகம். அலாரம் இன்னும் 36-இலேயே இருந்தால் அது அடிக்கும்போது நீங்கள் எழுந்து போய்ச் செத்ததை எண்ணலாம், அவ்வளவுதான். தீவனக் கணக்கு எழுதும் அதே நோட்டில் அலாரம் எல்லையையும் எழுதுங்கள். கோழியின் வயதோடு அதுவும் இறங்கி வரட்டும். கோடைப் பகலில் உள்ளேயே 29, 30 வரை போகும் என்றால் எல்லையைப் பகலுக்கு மட்டும் சற்று உயர்த்தி, மாலையில் இறக்குங்கள். சைரன் சத்தம் பிடிக்காமல் நிரந்தரமாக உயர்த்திவிடுவது தோற்றுப்போனவன் வேலை.

பழுது வந்தால் பயப்படாதீர்கள். முதலில் பேட்டரி. அடுத்து சைரனை நேராகப் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். கத்தினால் சைரன் நலம். பிறகு வளையம். நூற்றைம்பது மீட்டர் கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்ணால் தேடினால் பொழுது போய்விடும். நடுவில் இருக்கும் ஜங்ஷன் பெட்டியில் கழற்றி, மீட்டரால் இரு பக்கமும் பாருங்கள். தொடர்பு இல்லாத பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து முறைக்குள் பழுது உங்கள் விரலுக்கு அடியில் வந்து நிற்கும். பெரும்பாலும் அது ஒரு பச்சை பூத்த திருகாகத்தான் இருக்கும். எருவிலிருந்து வரும் அமோனியா செம்பைத் தின்னும். முனையை வெட்டி, புதிதாக உரித்து, இறுக்கி முடுக்கி, பெட்டியை ரப்பர் வாஷரோடு மூடுங்கள். சென்சார் சந்தேகம் என்றால் கழற்றித் தனியே அளந்து பாருங்கள்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம் பக்கம், ஐஸ் தண்ணீரில் 30 பக்கம். காட்டவில்லையா, தூக்கி எறியுங்கள். செல்போனுக்கு அழைக்கும் கருவி வைத்திருப்பவர்கள் சிம் ரீசார்ஜ் முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த கருவி ரீசார்ஜ் இல்லாமல் ஊமையாகிப்போகும். அழைப்புப் பட்டியலில் உங்கள் எண்ணுக்கு அடுத்து, ஐந்து நிமிடத்தில் பண்ணைக்கு ஓடிவரக்கூடியவரின் எண் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் மகன் எண்ணைப் போட்டு என்ன பயன்?

இதெல்லாம் படித்துவிட்டுத் தலையாட்டினால் போதாது. நாளைக் காலை, வெயில் ஏறுமுன், ஏழு மணிக்குச் செய்யுங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிடுங்கள். பெண்கள், பிள்ளைகள், வேலையாட்கள் எல்லோரும். ஷெட்டின் இரண்டு பெரிய கதவருகிலும் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஜெனரேட்டரில் டீசலும் பேட்டரியும் சரிபார்த்துவிட்டு, தானாகக் கிளம்புவதை அணைத்து வையுங்கள். பிறகு மெயினை நீங்களே இறக்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். சைரன் எத்தனையாவது விநாடியில் அடித்தது? நீங்கள் இரவில் படுக்கும் கட்டில்வரை கேட்டதா? தகரத்தில் மழை கொட்டும்போதும் கேட்குமா? செல்போன் ஒலித்ததா? கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆனது? உங்கள் மனைவிக்கு ஜெனரேட்டர் கிளப்பத் தெரிந்ததா? தெரியவில்லை என்றால் அங்கேயே சொல்லிக் கொடுத்து, அவர் கையாலேயே கிளப்ப வையுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். ஏதேனும் ஒன்று பிசகினால் அன்றைக்கே சரிசெய்து, மறுநாள் காலை மறுபடி இறக்குங்கள். சரியாக வந்ததும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் அதே கிழமை, அதே ஏழு மணிக்கு, மெயினை இறக்கும் முறை உங்கள் மகளுக்கு வரட்டும்.